வாங்கிய படம் சுவரில் ஏறும் வரை: ஹோட்டல் ஓவியங்களுக்கு எந்த வழி, எந்தக் கணக்கு?

ஒரு ஹோட்டலுக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்க இரண்டு கூட்டம் போதும். அவற்றைச் சுவரில் ஏற்ற மாதக்கணக்கில் ஆகும். பட்ஜெட் தாளில் மட்டும் இது தலைகீழாக இருக்கும். படங்களுக்குப் பக்கம் பக்கமாக விவரம் இருக்கும், கடைசியில் ‘பிரேம், சரக்கு, மாட்டும் கூலி’ என்று ஒரே ஒரு வரி. அதற்கு எதிரே யாரோ குத்துமதிப்பாகப் போட்ட ஒரு சதவீதம்.

அந்தச் சதவீதம் ஏன் தப்பாகிறது என்றால், அந்த மூன்றும் படத்தின் விலையோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை. விலை குறைந்த அச்சுப் படத்துக்கும் விலை கூடிய அச்சுப் படத்துக்கும் ஒரே அளவு பிரேம், ஒரே அட்டைப்பெட்டி, ஒரே இரண்டு ஆட்கள்தான். ஆனால் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிரேமை எங்கே போடுகிறோம் என்பது சரக்குக் கட்டணத்தை முடிவு செய்கிறது. சரக்கு எப்படி வருகிறது என்பது மாட்டும் வேலை எத்தனை நாள் இழுக்கும் என்பதை முடிவு செய்கிறது. அதனால் ‘பிரேமுக்கு எவ்வளவு, சரக்குக்கு எவ்வளவு’ என்று தனித்தனியாக விலைப்புள்ளி வாங்கி, ஒவ்வொன்றிலும் மலிவானதைப் பொறுக்கி எடுத்தால் கூட்டுத்தொகை மலிவாக வராது. முழு வழிகளை எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பேச்சுக்கு ஒரு ஹோட்டலை வைத்துக்கொள்வோம். 120 அறைகள், அறைக்கு இரண்டு படம், மொத்தம் 240. காகிதத்தில் அச்சிட்டவை, ஒவ்வொன்றும் 70×100 செ.மீ. பிரேம் பட்டை 5 செ.மீ. அகலம், ஆகவே வெளியளவு 80×110. லாபிக்கும் உணவகத்துக்கும் வேண்டிய பெரிய படங்கள் தனி. அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் வழி: பிரேம் போட்டே வரவழைப்பது

படம் அச்சாகும் ஊரிலேயே பிரேமும் போட்டு, பெட்டி கட்டி, நேராகக் கட்டடத்துக்கு அனுப்பச் சொல்வது. பலர் முதலில் யோசிப்பது இதைத்தான். ஒரே இடம், ஒரே பொறுப்பு, 240 பிரேமும் ஒரே நிறத்தில் ஒரே கையால் வரும். மாதிரி அறைக்கு வந்த படமும் கடைசி மாடிக்கு வந்த படமும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. இதற்கு ஒரு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் அனுப்புவது பெரும்பாலும் காற்றை. ஒவ்வொரு படத்தையும் தனி அட்டைப்பெட்டியில் மூலைக்காப்பும் நுரைத் தாளும் வைத்துக் கட்டினால் பெட்டி ஏறக்குறைய 120×90×8 செ.மீ. வரும். 240 பெட்டி என்றால் 20.7 கன மீட்டர். தனித்தனியாகக் கட்டாமல், முகத்தோடு முகம் வைத்து நான்கு நான்காக 120×90×22 பெட்டியில் அடுக்கினால் 60 பெட்டி, 14.3 கன மீட்டர். கட்டும் முறையை மாற்றியதில் மட்டும் கன அளவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ‘எப்படிக் கட்டுவீர்கள்’ என்று கேட்காமல் சரக்குக்கு விலை கேட்பது வீண் என்பதற்கு இது போதும்.

விமானத்தில் வந்தால் கணக்கு இன்னும் கடுமை. விமானச் சரக்கில் பெட்டியின் கன சென்டிமீட்டரை 6,000 ஆல் வகுத்து வருவதை ‘கன அளவு எடை’ என்பார்கள். நிஜ எடை, கன அளவு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5,000 ஆல் வகுக்கும், அது இன்னும் பாதகம். நான்கு படப் பெட்டியின் நிஜ எடை சுமார் 30 கிலோ, கன அளவு எடை 39.6 கிலோ. 60 பெட்டிக்கு 2,376 கிலோவுக்குப் பணம் கட்டுவீர்கள், நிஜத்தில் ஏறுவது 1,800 கிலோதான். தனித்தனிப் பெட்டியாக இருந்தால் 3,456 கிலோ.

கடல் வழியில் பகிர்வுக் கன்டெய்னரில் போட்டால் ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், எது கூடுதலோ அது. 14.3 கன மீட்டர், 1.8 டன். இங்கேயும் கன அளவுக்கே கட்டணம். 20 அடிக் கன்டெய்னரின் உள்கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். நம் சரக்கு ஏறக்குறைய பாதி. இந்த அளவு வந்துவிட்டால் முழுக் கன்டெய்னருக்கும் ஒரு விலை கேட்டு வையுங்கள். வித்தியாசம் சிறியதாக இருந்தால் முழுதாக எடுப்பதே நல்லது. பகிர்வுச் சரக்கு இரண்டு முனையிலும் ஒரு கிடங்கில் இறங்கி, வேறு யாருடைய சாமான்களோடோ கலந்து, மறுபடி ஏறும். கண்ணாடி உடைவது கப்பலில் அல்ல, இந்தக் கிடங்குகளில்தான் என்பது என் அபிப்பிராயம். முழுக் கன்டெய்னர் என்றால், வழியில் சுங்கத்தார் திறந்து பார்க்காத வரை, பெட்டி அடுக்கிய இடத்தில் போட்ட சீல் கட்டட வாசலில்தான் உடையும்.

மரப்பெட்டியில் அனுப்புவதாக இருந்தால் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதி உண்டு. பூச்சி பரவாமல் இருக்க, மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடுபடுத்துவதுதான் வழக்கமான முறை, அதற்கான முத்திரை பெட்டியில் இருக்க வேண்டும். பிளைவுட்டுக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் பிளைவுட் பெட்டிக்கு அடியில் கொடுக்கும் மரக்கட்டைக்குப் பொருந்தும். அந்த இரண்டு கட்டைக்கு முத்திரை இல்லாமல் துறைமுகத்தில் சரக்கு நிற்கலாம்.

இரண்டாம் வழி: சுருட்டி வரவழைத்து, பக்கத்தில் பிரேம் போடுவது

அதே 240 அச்சுப் படங்களைச் சுருட்டி, குழாய்க்கு இருபதாக அனுப்பினால் 12 குழாய். 15 செ.மீ. விட்டம், 80 செ.மீ. நீளம். மொத்தம் 0.2 கன மீட்டர் சொச்சம், எடை 60 கிலோ. பிரேம் போட்ட சரக்கு, நன்றாகக் கட்டினால்கூட, இதைப்போல 60 மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். இந்த 60 கிலோவை விமானத்திலேயே அனுப்பலாம், கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? பக்கத்தில் இருக்கும் பிரேம் கடையின் கொள்ளளவுதான் காரணம். மாதத்துக்கு முப்பது நாற்பது பிரேம் போடும் கடை, பெரிய வேலை வந்த மகிழ்ச்சியில் ‘240 தானே, செய்துவிடலாம்’ என்று சொல்லும். முதல் ஐம்பது அழகாக வரும். அதற்குப் பிறகு மூலை இணைப்பில் மயிரிழை இடைவெளி தெரியும், கண்ணாடிக்கு உள்ளே தூசி இருக்கும், பட்டை தீர்ந்துபோய் அடுத்த கட்டு வேறு சாயலில் வரும். இதைத் தடுக்க மூன்று காரியம் செய்ய வேண்டும்: முழு வேலைக்கும் வேண்டிய பட்டையை ஒரே தயாரிப்புத் தொகுதியில் முன்கூட்டியே வாங்கிவிடுவது, ஒப்புக்கொண்ட மாதிரி பிரேம் ஒன்றைக் கையெழுத்துப் போட்டு நம் கையில் வைத்துக்கொள்வது, பணத்தை மாடி மாடியாகக் கொடுப்பது.

பட்டை வாங்குவதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. பிரேமுக்கு வேண்டிய பட்டை என்பது படத்தின் சுற்றளவோடு பட்டை அகலத்தின் எட்டு மடங்கு. நம் படத்துக்கு 3.4 மீட்டரும் 0.4 மீட்டரும் சேர்த்து 3.8 மீட்டர். 240 பிரேமுக்கு 912 மீட்டர். ஆனால் பட்டை 3 மீட்டர் நீளமாக வருகிறது என்றால், 110, 110, 80 என்று வெட்டினால் சரியாக 300. ரம்பம் தின்னும் மில்லிமீட்டர்களுக்கு இடமே இல்லை. ஆகவே ஒரு பட்டையில் இரண்டு குட்டை ஒரு நெட்டை, இன்னொன்றில் வெறும் இரண்டு நெட்டை என்று வெட்ட வேண்டி வந்து, 360 பட்டை, அதாவது 1,080 மீட்டர் போகும். படத்தின் அளவை 68×98 ஆகக் குறைத்துப் பாருங்கள். வெளியளவு 78×108, இப்போது 108, 108, 78 சேர்ந்து 294, ரம்பத்துக்கும் இடம் இருக்கிறது. 320 பட்டையில் வேலை முடியும். இரண்டு சென்டிமீட்டரை எந்த விருந்தாளியும் கவனிக்கப் போவதில்லை, 40 பட்டை மிச்சம். அச்சுக்குக் கொடுக்கும் முன்பே பிரேம் கடையில் பட்டை நீளத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

சுருட்டிய காகிதம் உடனே நேராகாது. விரித்து, எடை வைத்து, ஓரிரு நாள் விட வேண்டும். நேராகாததை அப்படியே பிரேமில் போட்டால் சில வாரத்தில் கண்ணாடிக்குள் அலையடிக்கும். படத்தைச் சூட்டுப் பசைத் தாளால் பலகையில் முழுசாக ஒட்டிவிடுவது அறைப் படங்களுக்கு நியாயமான வழி. மறுபடி அச்சிடக் கூடிய படம்தானே. மூலப் படைப்புக்கு அதை ஒருபோதும் செய்யக் கூடாது, பிரிக்கும்போது படமே போய்விடும்.

இதற்கும் முதல் வழிக்கும் நடுவில் ஒரு பாதை உண்டு. பிரேமை அளவாக வெட்டி, பூட்டாமல் பட்டைகளாகவே கட்டி அனுப்பச் சொல்லலாம். அலுமினியப் பிரேம் இதற்கென்றே பிறந்தது. மூலைக்குள் தகடு செருகி ஸ்க்ரூ முடுக்கினால் பிரேம் தயார், ஒரு சுத்தமான அறையும் மேசையும் போதும். 5×3 செ.மீ. பட்டையாக இருந்தாலும் 240 பிரேமுக்கு 1.4 கன மீட்டர்தான். கண்ணாடியையும் பின்பலகையையும் பக்கத்தில் வாங்கிக்கொள்ளலாம். நிறமும் தரமும் ஒரே மாதிரி வேண்டும், ஆனால் காற்றுக்குக் கட்டணம் கொடுக்க மனமில்லை என்பவர்களுக்கு இது நல்ல சமரசம். மரப் பட்டைக்கு இது அவ்வளவு ஒத்துவராது. மூலையை ஒட்டி ஆணி அடித்து, மெழுகு பூசி மறைக்கத் தெரிந்த கை வேண்டும்.

மூன்றாம் வழி: பிரேமே வேண்டாம்

கேன்வாஸில் அச்சிட்டுக் கட்டையில் இழுத்துக் கட்டுவது, அலுமினியக் கூட்டுத் தகட்டில் நேராக அச்சிடுவது, அல்லது சுவர்த்தாளாகவே ஒட்டிவிடுவது. கண்ணாடிச் செலவு இல்லை, உடைவது இல்லை, பட்ஜெட் தாளில் பார்க்க மிக அழகாக இருக்கும்.

கேன்வாஸ் எடை குறைவு, சுருட்டியும் வரும். ஆனால் தொடும் தூரத்தில் உள்ள இடத்தில் கேன்வாஸ் வைத்தால் பெட்டி வண்டி இடித்த குழி, குழந்தை விரல், தெறித்த காபி எல்லாம் அதில் பதியும், துடைக்கவும் முடியாது. காரிடாரில் நான் வைக்க மாட்டேன். ஈரப்பதம் ஏறி இறங்கும் இடத்தில் துணி தொய்யும், மூலை ஆப்புகளைத் தட்டி மறுபடி இறுக்க வேண்டும். 3 மி.மீ. கூட்டுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 4 கிலோவுக்கும் குறைவு, ஈரத்துக்கு அசையாது. குளியலறைக்கும் நீச்சல்குளப் பக்கத்துக்கும் அதைத்தான் சொல்வேன். சுவர்த்தாள் ஓவியத்துக்கு மாட்டும் கூலி இல்லை, ஆனால் ஒட்டுக்கூலி இருக்கிறது, சுவர் சமமாக இல்லையென்றால் அதைச் சமன் செய்யும் செலவும் உங்கள் தலையில்தான். பொது இடச் சுவரில் பெரிய பரப்பை மூடும் எதற்கும் தீப்பரவல் சான்று கேட்பார்கள் என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா

எந்த வழியில் போனாலும் பிரேம் என்று வந்தால் இந்தக் கேள்வி வரும். 2 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ, அதே தடிப்பு அக்ரிலிக் 2.4 கிலோ. நம் படத்துக்கு 3.5 கிலோவும் 1.7 கிலோவும். 240 படத்தில் 440 கிலோ வித்தியாசம். உடனே விற்பனையாளர் சொல்வார்: ‘அக்ரிலிக் போட்டால் சரக்குக் கட்டணத்தில் அந்தக் காசை எடுத்துவிடலாம்.’ இது தப்பு. மேலே பார்த்தோமே, கண்ணாடி போட்ட பெட்டிக்கே கன அளவுக்குத்தான் கட்டணம். எடையைக் குறைத்தாலும் கட்டணம் அசையாது. பெரிய மரப்பெட்டியில் நெருக்கி அடுக்கி, எடை கன அளவை மிஞ்சும் நிலை வந்தால்தான் இந்த வாதம் எடுபடும்.

அக்ரிலிக்குக்கு நிஜமான காரணங்கள் வேறு. ஒன்று, உடைவது குறைவு. கண்ணாடி உடைந்தால் கண்ணாடி மட்டும் போவதில்லை, சில்லு படத்தையும் கீறிவிடும். இரண்டு, கட்டிலுக்கு மேலே தலைமாட்டில் தொங்கும் படம். தூங்குபவர் தலைக்கு நேர் மேலே கண்ணாடி வைக்காதீர்கள், செலவைப் பார்க்காமல் அங்கே அக்ரிலிக்தான். எதிர்ச்சுவர்ப் படத்துக்குக் கண்ணாடி போதும். 240-ஐயும் ஒரே மாதிரி செய்ய வேண்டியதில்லை.

அக்ரிலிக்கின் எதிரி ஹவுஸ்கீப்பிங் வண்டியில் இருக்கிறது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவம் அக்ரிலிக்கை மங்கச் செய்யும், நுண்ணிய விரிசல் விடும். நான் பார்த்த ஒரு வேலையில் திறப்பு விழா முடிந்து சில மாதத்திலேயே தலைமாட்டுப் படங்கள் எல்லாம் பனி படர்ந்ததுபோல ஆகிவிட்டன. யாரையும் குறை சொல்ல முடியாது. பளபளப்பான எதையும் கண்ணாடி என்று நினைத்துத் துடைப்பதுதான் அவர்கள் வேலை. பின்பலகையில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, யார் படிப்பது! அந்த மாற்றுச் செலவு எந்தப் பட்ஜெட்டிலும் இல்லை. அக்ரிலிக் தேர்ந்தெடுத்தால் மெல்லிய நூலிழைத் துணியும் வெறும் சோப்புத் தண்ணீரும் என்று பயிற்சி கொடுக்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அப்புறம், அக்ரிலிக்கில் நிலைமின்சாரம் உண்டு. கரித்துண்டு, பேஸ்டல் ஓவியங்களின் துகளை அது இழுக்கும். அவற்றுக்குக் கண்ணாடிதான்.

புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, பிரதிபலிப்பில்லாக் கண்ணாடி என்று விலை கூடிய வகைகள் உண்டு. சாதாரணக் கண்ணாடி விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், பிரதிபலிப்பில்லாதது ஒரு சதவீதம் அளவுக்கே. ஜன்னலுக்கு எதிரே உள்ள அடர்நிறப் படத்தில் இது கண்ணுக்குத் தெரியும். ஆனால் 120 அறைக்கும் போடுவது ஆடம்பரம். வெளிறினால் மறுபடி அச்சிடக் கூடிய படத்துக்கு அந்தப் பாதுகாப்பு தேவையில்லை. அந்தக் காசை லாபியில் உள்ள மூலப் படைப்புக்குக் கொடுங்கள்.

உடைந்தால் யார் கொடுப்பது

சரக்கு நிறுவனத்தின் சட்டப் பொறுப்பு பலர் நினைப்பதைவிடச் சிறியது. பன்னாட்டு விமானச் சரக்குக்கு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2024 டிசம்பர் இறுதியிலிருந்து கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஆறரைக் கிலோ பிரேமுக்கு 169. படம் பத்தாயிரம் பெறும் என்று நீங்கள் தனியே அறிவித்துக் கட்டணம் கட்டாவிட்டால் அவ்வளவுதான். கடலில், கப்பல் சரக்குப் பொறுப்புக்கான ஹேக்-விஸ்பி என்ற பன்னாட்டு விதிகள் பொருந்தும் இடத்தில் பெட்டிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோவுக்கு 2, இரண்டில் கூடுதலானது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் ‘60 பெட்டிகள்’ என்று எழுதியிருந்தால் அறுபதாக எண்ணுவார்கள். ‘ஒரு கன்டெய்னர், ஓவியங்கள்’ என்று மட்டும் இருந்தால் மொத்தமும் ஒரே பெட்டி.

அதே கடல் விதிகளில் இன்னொன்றும் உண்டு. வெளியே தெரியாத சேதத்தை, சரக்கைப் பெற்ற மூன்று நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நல்ல நிலையில் வந்ததாகவே கொள்வார்கள், மாறாக நிரூபிப்பது உங்கள் பாடு. விமானச் சரக்குக்கு 14 நாள், அதைத் தவறவிட்டால் வழக்கே நிற்காது. ஹோட்டல் வேலையில் என்ன நடக்கும்? சுவர் வர்ணம் முடியவில்லை என்று பெட்டிகள் அடித்தளத்தில் ஆறு வாரம் திறக்காமல் கிடக்கும். ஆகவே முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால் பட்ஜெட் தாளில் இரண்டு வரிகள் கட்டாயம்: எல்லா ஆபத்தையும் ஏற்கும் தனி இன்சூரன்ஸ், பெட்டிகளை வந்தவுடன் திறந்து பார்த்து மறுபடி கட்டும் கூலி. ஈரமில்லாத கிடங்கு வாடகையும் அதோடு சேரும். இரண்டாம் வழியில் இவை எல்லாம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகின்றன. விலைப்புள்ளிகளில் தெரியாத இந்த வித்தியாசம்தான் பல நேரம் முடிவைத் திருப்புகிறது.

‘சரக்கு உட்பட’ என்ற சொல்லை நம்பாதீர்கள், விலைப்புள்ளியில் எந்த வணிகச் சுருக்கெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். எஃப்.ஓ.பி. என்றால் விற்பவரின் செலவும் பொறுப்பும் கப்பலில் ஏற்றும் வரை. சி.ஐ.எஃப். என்றால் செலவு மட்டும் போய்ச் சேரும் துறைமுகம் வரை, பொறுப்பு அப்போதும் கப்பலில் ஏற்றும் வரைதான். டி.டி.பி. என்றால்தான் வரியோடு வாசலுக்கு, அப்போதும் வண்டியிலிருந்து இறக்குவது உங்கள் வேலை. சுங்க அட்டவணையில் கையால் வரைந்த மூல ஓவியம் 9701, அச்சுப் படம் 4911, வெறும் மரப் பிரேம் 4414. வரிவிகிதம் நாட்டுக்கு நாடு மாறும். எல்லாவற்றையும் ஒரே ரசீதில் ‘ஓவியங்கள்’ என்று எழுதி அனுப்பினால் சுங்கத்தில் கேள்வி வரும். தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

மாட்டுவது யார்

ஹோட்டலின் பராமரிப்பு ஆட்களா, கட்டடக் கான்ட்ராக்டரா, ஓவியம் மாட்டுவதையே தொழிலாகச் செய்பவர்களா? ஆளுக்கு ஒரு நாள் கூலியை ஒப்பிட்டால் மூன்றாமவர் எப்போதும் தோற்பார். ஒரு படத்துக்கு என்று ஒப்பிட்டால் கதை வேறு.

இரண்டு பேர் ஒரு படத்துக்கு 20 நிமிடம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 24 படம், 240 படத்துக்குப் பத்து நாள். அட்டையில் துளை குறித்த அச்சு ஒன்று செய்துகொண்டு, தலைமாட்டின் மேல்விளிம்பிலிருந்து நேராக வைத்துக் குறித்தால் நேரம் குறையும். தொழில்முறை ஆட்கள் மாதிரி அறையிலேயே அந்த அச்சைச் செய்துவிடுவார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு அறையிலும் டேப்பும் ரசமட்டமும் எடுத்து முதலிலிருந்து அளப்பார்கள், ஏழாவது மாடியில் படம் மூன்று விரல் தாழ்ந்திருக்கும்.

நேரத்தைத் தின்பது துளை போடுவது அல்ல. லிஃப்ட்டுக்குக் காத்திருப்பது, அறை பூட்டியிருப்பது, சுவர்த்தாள் இன்னும் ஒட்டாதது இவைதான். மாட்டும் விலைப்புள்ளியில் ‘மறுமுறை வந்தால் எவ்வளவு’ என்ற வரியைத் தேடுங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். 120 அறையும் தயாரான பிறகு ஒரே தடவை வரச் சொல்வதும், மாடி மாடியாக நான்கு தடவை வரச் சொல்வதும் ஒரே தொகை அல்ல. நடந்துகொண்டிருக்கும் ஹோட்டலைப் புதுப்பிக்கும்போது அறையை விற்காமல் வைத்திருக்கும் இழப்பும் இங்கேதான் ஏறுகிறது. அப்போது விலை கூடிய ஆனால் வேகமான குழுவே மலிவு.

ஹோட்டலில் கம்பி கட்டி ஆணியில் தொங்கவிடுவது கூடாது. மேலே இரண்டு கொக்கி, கீழே ‘டி’ தலை ஸ்க்ரூவில் பூட்டும் தகடு, இப்படி மூன்று இடத்தில் பிடிக்கும் பூட்டு மாட்டி வேண்டும். கீழ்ப் பூட்டைத் தனிச் சாவியால்தான் திறக்க முடியும். திருட்டைத் தடுப்பது இதன் பாதிப் பயன்தான். தினமும் தூசி தட்டும்போது படம் கோணாமல் இருப்பது மீதிப் பாதி. ஒரு படத்துக்கு இதன் விலை சொற்பம், பிரேம் போடும்போதே பின்னால் பொருத்தச் சொல்லிவிட வேண்டும். கட்டடத்தில் வைத்துப் பொருத்துவது இரட்டை வேலை.

சுவர் எது என்பது இதைவிட முக்கியம். செங்கல், கான்கிரீட் என்றால் துளையும் பிளக்கும் போதும். ஜிப்சம் போர்டு என்றால், கனமான படம் வரும் இடத்தில் பின்னால் பிளைவுட் வைத்திருக்கிறார்களா என்று சுவர் மூடும் முன்பே பார்க்க வேண்டும். மூடும் முன் ஒரு துண்டு பிளைவுட், மூடிய பின் சுவரை அறுத்து, ஒட்டி, மறுபடி வர்ணம். படங்களின் இடத்தை முடிவு செய்ய வேண்டிய நாள், திறப்பு விழாவுக்கு முந்தைய மாதம் அல்ல, ஜிப்சம் வேலை தொடங்குவதற்கு முந்தைய வாரம்.

என் தேர்வு

ஒப்பிடும்போது ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: எல்லாச் செலவையும் கூட்டி, சுவரில் நல்ல நிலையில் நேராகத் தொங்கும் படங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். இறக்குகூலி, கிடங்கு, திறந்து பார்க்கும் கூலி, காலி அட்டைகளை அகற்றுவது, மறுவருகை எல்லாம் அந்தக் கூட்டுத்தொகையில் இருக்கட்டும். வகுக்கும் எண் 240 தான், உதிரியாக வாங்கிய பன்னிரண்டையும் சேர்த்து 252 அல்ல.

நான் எடுத்துக்கொண்ட ஹோட்டல் புதுக் கட்டடம், பக்கத்தில் நல்ல பிரேம் கடை இருக்கிறது என்றால் அறைகளுக்கு இரண்டாம் வழி, தயக்கமே இல்லை. கடையின் கையை நம்ப முடியவில்லையென்றால் வெட்டிய அலுமினியப் பட்டை. முதல் வழியை நான் தேர்ந்தெடுப்பது இரண்டு சந்தர்ப்பத்தில் மட்டும்: சரக்கு தரைவழியில் ஒரே லாரியில் ஒரு நாள் பயணத்தில் வந்துவிடும் என்றால், அல்லது திறப்பு நாள் நெருங்கிவிட்டது, பிரேம் கடைக்கு ஒதுக்க ஐந்தாறு வாரம் கையில் இல்லை என்றால். இரண்டாவது சந்தர்ப்பத்தில் விமானக் கட்டணம் என்பது உண்மையில் தாமதத்துக்குக் கட்டும் அபராதம். அதை அந்தப் பெயரிலேயே பட்ஜெட்டில் எழுதுங்கள், உரிமையாளருக்கும் புரியும்.

லாபிப் படம் இந்தக் கணக்கு எதிலும் வராது. மூன்று மீட்டர் கேன்வாஸ் லிஃப்ட்டில் ஏறாது, சில சமயம் வாசலிலேயே நுழையாது. சுருட்டி வரவழைத்து, கட்டையைத் துண்டாகக் கொண்டுவந்து, லாபியிலேயே இழுத்துக் கட்ட வேண்டியிருக்கலாம். சுருட்டும்போது வர்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும், உள்ளே வைத்துச் சுருட்டினால் வர்ண அடுக்கு நசுங்கும். உயரத்தில் மாட்டத் தூக்கு மேடை வாடகை, தரைக்கல் விரிசல் விடாமல் கீழே பரப்பப் பிளைவுட், விளக்கை மறுபடி திருப்பிக் குவிக்க மின்பணியாளர் ஒரு மணி நேரம். இவற்றைத் தனித் தாளில் எழுதுங்கள்.

உதிரிக்கு என்ன எடுத்து வைப்பது? இரண்டாம் வழியில் பன்னிரண்டு அச்சுத் தாளும், 3 மீட்டர் பட்டை இருபதும், அளவாக வெட்டிய அக்ரிலிக் ஐந்தாறும் போதும். பட்டையை நிற்க வைக்காமல் படுக்க வைத்து அடுக்குங்கள், நிற்க வைத்தால் வளையும். பூட்டுச் சாவி மூன்று: ஒன்று பொறியியல் பிரிவில், ஒன்று ஹவுஸ்கீப்பிங் மேலாளரிடம், ஒன்று பட்டைகளோடு சேர்த்துக் கட்டி.